வைக்கோல் பொம்மையைக் காப்பாற்றியவர்கள்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் மறைத்ததுபோல் ஆகிவிடும்.

சென்ற கோடையில் பல் மருத்துவரின் வாசலறையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டு ஒரு பக்கக் கன்னம் மரத்திருந்தது. கையில் கிடைத்த பழைய வார இதழில், ஒலிம்பிக்கின் ஆரம்ப காலக் கூத்துகளைப் பற்றி ஒரு பக்கம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் பாரிஸில், உலகக் கண்காட்சியின் வாலில் கட்டிவிட்டதுபோல் போட்டிகளை நடத்தினார்களாம். செய்ன் ஆற்றில் தூண்டில் போட்டி. உயிருள்ள புறாக்களைச் சுடும் போட்டி. படகுகளுக்கு அடியில் நுழைந்து எழும் நீச்சல் போட்டி. இவற்றின் நடுவே ஒரே வரியில், தீயணைப்புப் போட்டி. சிரித்தேன். மரத்த வாயிலிருந்து எச்சில் வழிந்து இதழின் மேல் விழுந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

அப்படி ஒரு போட்டி நடந்தது வரலாறு. அதற்கு மேல் நீங்கள் படிக்கப்போகும் ஊர், ஆட்கள், தீ எல்லாம் நான் உண்டாக்கியவை. உண்டாக்கிய ஆட்களிடம் வெட்கப்பட முடியுமா என்று யாராவது கேட்டால், முடியும். மூன்று மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

“வால்ஃப்ரே ஊரின் தீயணைப்புப் படைக்குத் தீயைத் தவிர மற்ற எல்லாரையும் அணைக்கத் தெரியும்.”

இந்தச் சிலேடை பிரெஞ்சில் வராது. உங்களுக்காக மட்டும் செய்தது. ஒரு நாள் முழுக்க எனக்கு இதில் ஒரே பெருமை. இப்போது இதைப் பார்த்தால் காதுமடல் சுடுகிறது. ஆனாலும் அடிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும்.

இரண்டாவது தொடக்கம்: “ஆகஸ்ட் மாத வெயிலில் பதினான்கு பித்தளைத் தலைக்கவசங்கள் பதினான்கு சூரியன்களைப் போல —”

போதும்.

மூன்றாவதை ரெமியிடம் படித்துக் காட்டினேன். ரெமி என் கணவரின் தம்பி. நாங்கள் வாழும் பிரெஞ்சு ஊரின் தீயணைப்புப் படையில் தொண்டராக இருக்கிறான். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அதில் பாதிக்கும் மேல், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் நடுவே அவனுடைய அழைப்புக் கருவி அலறும், அவன் வாயில் இருப்பதை விழுங்கியும் விழுங்காமலும் ஓடுவான். நான் வாய்மொழியாகப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்லச் சொல்ல அவன் பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டே கேட்டான். இரண்டு இடத்தில் சிரித்தான். பிறகு கத்தியைக் கீழே வைத்தான்.

“அண்ணி, ஒரு சந்தேகம். ஊர்ல இருக்கற ஒரே பம்பை எடுத்துக்கிட்டா பாரிஸுக்குப் போனாங்க?”

“சொந்தப் பம்போட வரணும்னு விதி.”

“அப்போ ஊர்ல தீப்பிடிச்சா?”

நான் அதை யோசித்திருக்கவில்லை. சிரிப்பதற்காகத்தானே எழுதிக்கொண்டிருந்தேன்.

கதை அங்கேதான் என் கையைவிட்டு நழுவியது.

3

ஆகவே, மறுபடி. இந்த முறை நேராகச் சொல்கிறேன்.

ஆன்செல்ம் கோத்ரி கூரை போடுகிறவர். கற்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடிக்கும் வேலை. வால்ஃப்ரேயின் தேவாலயம், பள்ளி, மேயர் மாளிகை எல்லாவற்றின் தலையிலும் அவர் நடந்திருக்கிறார். உயரம் பழகியவர் என்பதால் தீயணைப்புப் படைக்குக் கேப்டனாக்கினார்கள். ஐம்பதை நெருங்கும் வயது, பெரிய மீசை, குறைந்த பேச்சு. பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர். (இந்த வரியை எழுதியபோது பின்னால் வரப்போவது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் எடுக்கவில்லை. அவரைப் பற்றி ஊர் அப்படித்தான் நினைத்தது.)

படையில் ஏணி ஏறுகிறவன் தெசிரே. கொல்லன். தோளில் ஒரு கன்றுக்குட்டியைப் போட்டுக்கொண்டு இரண்டு மாடி ஏறி இறங்குவான். எதற்கெடுத்தாலும் சிரிப்பான். கேப்டனுக்கு மகன் கிடையாது. தெசிரேவை அவர் மகனாக நினைத்தார் என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவர் அப்படி நினைத்திருந்தால் பின்னால் செய்ததைச் செய்திருக்க மாட்டார். அல்லது அப்படி நினைத்ததால்தான் செய்தாரா? தெரியவில்லை. அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும்.

தெசிரேவின் மனைவி யூலாலி, சலவைக்காரி. ஆற்றங்கரைத் தெருவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் மூன்றாவது அவர்களுடையது. கீழே அடுப்பும் இஸ்திரியும், மேலே படுக்கை.

பாரிஸிலிருந்து அழைப்பு வந்தபோது படை வசந்தம் முழுக்கப் பயிற்சி எடுத்தது. பள்ளிச் சுவரில் ஏணியைச் சாய்த்து, தெசிரே ஏறி, மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்குவான். யூலாலி போகிற வழியில் நின்று பார்ப்பாள்.

“மூட்டையை அவ்வளவு பத்திரமா இறக்கறீங்களே, என்னை ஒரு நாளாவது இப்படித் தூக்கியிருக்கீங்களா?”

“நீ மாவு மூட்டையை விடக் கனம்டி.”

ஆட்கள் சிரித்தார்கள். கேப்டன்கூட மீசைக்குள் சிரித்தார்.

ஊரில் இரண்டு பம்புகள் இருந்தன.* நல்லதை ரயிலில் ஏற்றினார்கள். பழையதைத் துணை மேயரின் பொறுப்பில் விட்டார்கள். அதன் தோல் வாரும் வளையமும் காய்ந்து வெடித்திருந்தன. எண்ணெய் போட்டு ஊறவைக்க வேண்டும் என்று கேப்டனுக்குத் தெரியும். திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

* ரெமிக்காக ஒன்று சேர்த்தேன். “இது பரவாயில்ல” என்றான். பிறகு, “பழைய பம்பு வேலை செய்யுமா?” என்று கேட்டான்.

4

வென்சென் பூங்காவில் போட்டி. பலகையால் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கட்டி, முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டிருந்தார்கள். கூத்துக்குக் குறைவில்லை. முதல் படைக்குத் தீ பற்றவே இல்லை. முந்தின இரவு மழையில் விறகு நனைந்திருந்தது. இரண்டாவது படைக்கு மண்ணெண்ணெய் அதிகமாகி, நடுவர் மேடைக்கு மேலே கட்டிய துணிப்பந்தல் பற்றிக்கொண்டது. அதை அணைத்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று நடுவர்கள் சண்டை போட்டார்கள். வெளிநாட்டுப் படை ஒன்றின் குதிரைகள் ஊதுகொம்புச் சத்தத்தில் மிரண்டு, பம்போடு ஏரிப் பக்கம் ஓடிவிட்டன. ஒலிம்பிக் என்ற சொல் அன்று அந்தத் திடலில் யார் வாயிலும் வந்திருக்காது. கண்காட்சிக்கு வந்த கூட்டம், இலவசமாக ஒரு வேடிக்கை.

(இந்தப் பத்தியை ஒரு காலத்தில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். நன்றாக வந்திருந்தது.)

காப்பாற்ற வேண்டிய ஆளாக ஒவ்வொரு படைக்கும் ஒரு வைக்கோல் பொம்மை. வால்ஃப்ரேக்குக் கிடைத்தது பெண் பொம்மை. இடுப்பில் கட்டிய நீல முன்கச்சை, வெள்ளைத் தொப்பி, காலில் பழைய பூட்ஸ். யாரோ தையல்காரி அக்கறையாக முகம் வரைந்து, புருவம்கூடத் தீட்டியிருந்தாள்.

“பார்க்க லட்சணமா இருக்காளே” என்றான் தெசிரே. “இவளைத் தூக்கிட்டு வந்தா யூலாலி என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.”

அவர்களுடைய முறை பிற்பகல் மூன்று மணிக்கு. இரண்டு மணி சுமாருக்கு, கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஃபிர்மென் வந்தான்.

5

ஃபிர்மென் கேப்டனின் மனைவிக்குத் தம்பி. வால்ஃப்ரேயில் வண்டி ஓட்டுகிறவன். சட்டையில் கரி. மூச்சு வாங்கியது. கேப்டன் அவனைப் பம்புக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“மச்சான், ஊர்ல தீ.”

“எங்க?”

“ஆத்தங்கரைத் தெரு. விடியக்காலையில பிடிச்சுது. துணை மேயர் உங்களைக் கூட்டியாரச் சொன்னாரு. பாரிஸுக்குப் பால் கொண்டுபோற ரயில்ல ஏறி வந்தேன். இங்க வந்து எங்க போறதுன்னு தெரியாம ரெண்டு மணி நேரம் சுத்தினேன். யாரைக் கேட்டாலும் ராட்டினத்தைக் காட்டறாங்க.”

“பழைய பம்பு?”

“அடிச்சாங்க. தண்ணி முழுக்கப் பக்கவாட்டுல பீச்சுது. பொம்பளைங்க வாளியில ஊத்திட்டு இருந்தாங்க.”

“தெருவுல எந்தப் பக்கம்?”

ஃபிர்மென் தெசிரே இருந்த திசையைப் பார்த்தான். தெசிரே பொம்மையின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

“நான் கிளம்பறப்ப ரெண்டாவது வீட்டுக் கூரை.”

“ஆளுங்க?”

“தெரியாது மச்சான். சத்தியமாத் தெரியாது. ஓடுன்னாங்க, ஓடிவந்தேன்.”

கேப்டன் கடிகாரச் சங்கிலியை இழுத்து மணி பார்த்தார். ஊருக்குத் திரும்ப அடுத்த ரயில் மாலையில்தான். பம்பைச் சரக்குப் பெட்டியில் ஏற்றவே ஒரு மணி நேரம் ஆகும். அங்கே இந்நேரம் எரிய வேண்டியது எரிந்திருக்கும், அல்லது அணைந்திருக்கும்.

“கேட்டுக்கோ. இதை இப்போ யார்கிட்டயும் சொல்லாத.”

“மச்சான், அவன் வீடு —”

“சொன்னா மட்டும் அவன் என்ன பண்ணுவான்? நடந்தா போவான்? ரயில் இல்ல. ஒரு மணி நேரம். ஒரு மணி நேரம் தெரியாம இருந்தா என்ன ஆயிடும்? முடிஞ்சதும் நானே சொல்றேன். போ, அந்தக் கடையில ஒரு பீர் குடி. முகத்தைக் கழுவு.”

ஃபிர்மென் போனான். முகத்தைக் கழுவினான். பீர் குடித்தான்.

5-க்குப் பின்குறிப்பு

இந்த இடத்தைப் படித்ததும் ரெமி கேட்டான், “நிஜமாவே மத்தியானத்துல ரயில் இல்லையா?”

அது என் கையில் இருந்தது. மத்தியான ரயில் ஒன்றை விட்டிருந்தால் கேப்டன் கெட்டவர். கதை சுலபமாக முடிந்திருக்கும். நான் விடவில்லை. அவருக்குச் சலுகை செய்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் ரயில் இல்லாததால் அவர் செய்தது இன்னும் பார்க்க முடியாததாகிவிட்டது. ஏனென்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

“ரயில் இல்லன்னா அவர் மேல என்ன தப்பு?” என்றான் ரெமி. பதிலுக்குக் காத்திருக்காமல், தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு போனான். குழாயைத் திறந்துவிட்டு, திரும்பாமல் சொன்னான்: “நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் அண்ணி. அதான் எரிச்சலா இருக்கு. இதை எழுதாதீங்க. டிசம்பர்ல வீடு வீடாப் போய்ப் படைக்குக் காசு சேர்க்க நாங்க காலண்டர் விக்கணும்.”

6

ஊதுகொம்பு ஒலித்தது. வால்ஃப்ரே படை ஓடியது.

அன்று அவர்கள் எவ்வளவு நன்றாக வேலை செய்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். குழாய் ஒரே வீச்சில் விரிந்தது. எட்டு பேர் பம்பின் இரு கைகளையும் பிடித்து ஏற்றி இறக்க, தண்ணீர் மூன்றாம் மாடி ஜன்னலுக்குள் நேராகப் போனது. ஏணி சாய்ந்து நிற்பதற்குள் தெசிரே பாதி ஏறியிருந்தான். புகைக்குள் மறைந்தான். கூட்டம் அடங்கியது. பிறகு அவன் தலை தெரிந்தது, தோளில் நீல முன்கச்சை தெரிந்தது. ஒரு கையால் பொம்மையின் முதுகை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அதன் தலை ஏணியில் இடித்துவிடாதபடி சாய்த்துச் சாய்த்து இறங்கினான். பொம்மைக்கு வலிக்காது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பெண்கள் கைக்குட்டைகளை ஆட்டினார்கள். யாரோ பூ எறிந்தார்கள். கீழே வந்ததும் அவன் பொம்மையின் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தான். திடல் முழுக்கச் சிரிப்பு.

கேப்டன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரும் கை தட்டினார். தட்டாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள்.

இரண்டாம் பரிசு.

 அந்தப் போட்டிகளில் எவை ஒலிம்பிக், எவை வெறும் கண்காட்சி என்று அறிஞர்கள் இன்றும் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். சேர்த்துக்கொண்டால் என் கேப்டன் ஒலிம்பிக் வீரர். சேர்க்காமல் விட்டால் கூரை போடுகிறவர். இரண்டில் எது என்று அவரிடம் கேட்டால், சேர்க்க வேண்டாம் என்றுதான் கெஞ்சுவார்.

7

இதே நாள் காலையில் வால்ஃப்ரேயில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒன்று.

முதல் வரைவில் எரிந்தது ஒரு வைக்கோல் போர். கேப்டன் அதை மறைத்ததில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வரைவில் ஒரு பசு. பசுவுக்குப் பெயர்கூட வைத்தேன், எனக்கே கண் கலங்கவில்லை. அதற்கும் அடுத்ததில்தான் யூலாலியை எடுத்தேன். அப்போது அவள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஏணி ஏறுகிறவனின் மனைவி, அவ்வளவுதான். ஒரு பிற்பகலில், கதை நகர வேண்டும் என்பதற்காக, தேநீர் குடித்துக்கொண்டே அவளுடைய இடுப்பெலும்பை உடைத்தேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன்.

நடந்தது இது. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து தீ கூரை வழியாகத் தாவியது. யூலாலி விழித்தபோது படிக்கட்டில் புகை. அவள் உடனே குதித்திருக்கலாம். ஆனால் அந்த வாரத்துத் துணிகள் மேலே உலர்ந்திருந்தன. ஊராரின் விரிப்புகள், பாதிரியாரின் அங்கி, ஒரு கல்யாணத்துக்கான மேசைத்துணிகள். எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஜன்னல் வழியாக எறிந்தாள். கடைசி மூட்டையை எறிந்ததும் குதித்தாள். மூட்டைகளின் மேல் விழுவதாகத்தான் எண்ணம். பாதி உடம்பு அவற்றின் மேல் விழுந்தது. பாதி கல்லில்.

பிழைத்தாள். பிறகு ஒருபோதும் நேராக நடக்கவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் மூன்று வீடுகள் போயின. நான்காவதற்குப் பரவாமல் பெண்கள் வாளித் தண்ணீரால் நிறுத்தினார்கள்.

அவளைக் கீழே போட்ட பிறகுதான் அவள் என்னிடம் பேசத் தொடங்கினாள். அதுவரை அவளுக்கு ஒரே ஒரு கிண்டல் வசனம் கொடுத்திருந்தேன்.

8

பரிசு வாங்கிய பிறகு பீர்க் கடையில் வைத்துக் கேப்டன் சொன்னார். சொல்வதற்கு முன் தொப்பியைக் கழற்றினார்.

“தெசிரே. ஊர்ல உன் தெருவுல தீப்பிடிச்சிருக்கு.”

தெசிரேவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை. அது போவதற்கு வழி தெரியாமல் அங்கேயே இருந்தது.

“யூலாலி?”

“தெரியல. ஃபிர்மென் வந்திருக்கான்.”

“எப்போ? எப்போ வந்தான்?”

இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் கேப்டன் உண்மையைச் சொல்கிறார், தெசிரே அவரை அறைகிறான், மேசை கவிழ்கிறது. படிக்க விறுவிறுப்பாக இருந்தது. இன்னொன்றில் ஃபிர்மென் உளறிவிடுகிறான். இரண்டும் வேலைக்கு ஆகவில்லை. பதினான்கு பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதக்கம் மேசைமேல் பீர் வட்டங்களின் நடுவே இருந்தது. அந்த நேரத்தில் அந்த மனிதர் சொல்லக்கூடியது ஒன்றுதான்.

“இப்பதான்” என்றார்.

ஃபிர்மென் தன் கோப்பைக்குள் பார்த்தான்.

மாலை ரயிலில் தெசிரே நின்றுகொண்டே வந்தான். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. கேப்டன் அவன் பக்கத்தில் நின்றார். ஒரு குகைப்பாதையில் பெட்டி இருண்டபோது தெசிரே அவர் தோளில் முகத்தைப் புதைத்தான்.

“நீங்க இருக்கீங்களே கேப்டன். நீங்க இல்லன்னா நான் பைத்தியம் ஆயிருப்பேன்.”

கேப்டன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். குகை முடிந்து வெளிச்சம் வந்ததும், மற்றவர்கள் அவர் அழுவதைப் பார்த்து, என்ன நல்ல மனிதர் என்று நினைத்தார்கள்.

9

மூன்று வாரம் கழித்துக் கேப்டன் ஒரு கூடை பிளம் பழத்தோடு அவர்களைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இருந்தார்கள். யூலாலி கட்டிலில், இடுப்பிலிருந்து கால்வரை பலகை வைத்துக் கட்டு. தெசிரே எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

“பதக்கம் கொண்டாந்தீங்களா கேப்டன்? இவ இன்னும் பார்க்கல.”

யூலாலி அதைக் கையில் வாங்கி, கனம் பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.

“ஏங்க, கிணத்துலேர்ந்து கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வாங்களேன். இது சூடாயிடுச்சு.”

தெசிரே குடத்தை எடுத்துக்கொண்டு போனான். அவன் காலடி முற்றத்தைத் தாண்டும்வரை அவள் பேசவில்லை.

“ஃபிர்மென் பால் ரயில்லதானே வந்தான்?”

கேப்டன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பால் ரயில் மத்தியானத்துக்கு முன்னாலயே பாரிஸ் போய்ச் சேர்ந்துடும். ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும், யோசிக்கத் தோணல.”

“சாயந்திரம் வரைக்கும் ரயில் இல்ல யூலாலி. சொல்லியிருந்தாலும் ஒண்ணும் —”

“தெரியும்.”

“எதுவும் மாறியிருக்காது.”

“தெரியும்னு சொல்றேனே.” பதக்கத்தைப் போர்வையின் மேல் வைத்தாள். “நீங்க யாராவது வந்துடுவீங்கன்னு நான் குதிக்கல. கீழ கிடந்தப்போ, ஃபிர்மெனை அனுப்பியிருக்குன்னு யாரோ சொன்னாங்க. மருத்துவர் வர்றதுக்கு சாயந்திரம் ஆச்சு. அதுவரைக்கும் நான் ஒண்ணே ஒண்ணைத்தான் நினைச்சுட்டுக் கிடந்தேன். இந்நேரம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கயோ ஒரு மூலையில தலையைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பாரு. எனக்காக ஒருத்தரு பதறிட்டு இருக்காருன்னு நினைச்சுக்கிட்டுதான் வலியைத் தாங்கினேன். அப்போ அவரு பொம்மைக்கு முத்தம் கொடுத்துட்டு இருந்திருக்காரு. அதைச் சிரிச்சுச் சிரிச்சு எங்கிட்டயே சொன்னாரு.”

கேப்டன் எழுந்தார்.

“நான் பதவி விலகறேன்னு எழுதிட்டேன். மேயர்கிட்ட இன்னைக்கே குடுத்துடறேன். இவன் வரட்டும், இவன்கிட்டயும் சொல்லிடறேன்.”

“சொல்லக்கூடாது.”

“யூலாலி —”

“சொன்னா உங்களுக்குப் பாரம் இறங்கிடும். அவரு அப்புறம் உங்க பேச்சை நம்பி ஏணியில கால் வைக்கமாட்டாரு. எனக்குத் தெரியும் அவரை. வேற யாரு ஏறுவா? ஃபிர்மெனா?” அந்த நிலையிலும் அவள் வாயோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. “விலகவும் கூடாது. விலகினா ஏன்னு கேப்பாங்க. கேப்டனாவே இருங்க. ஜூலை பதினாலாம் தேதி தேசிய நாள் ஊர்வலத்துல இதைச் சட்டையில குத்திக்கிட்டு நடங்க. நான் ஜன்னல்லேர்ந்து பார்க்கறேன்.”

முற்றத்தில் காலடி. தெசிரே தளும்பத் தளும்பத் தண்ணீர் கொண்டுவந்தான்.

“என்ன, ரெண்டு பேரும் என்னைப் பத்தித்தான் பேசிட்டு இருந்தீங்க போல?”

“ஆமா” என்றாள் யூலாலி.

10

அவர் கேப்டனாகவே இருந்தார். மறு ஆண்டு ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தார். யூலாலி புது வீட்டின் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். படை அவள் வீட்டைக் கடக்கும்போது கை தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள். கேப்டன் நேரே பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் கழுத்து சிவந்திருந்ததை வெயில் என்று நினைத்தார்கள்.

அந்த ஆண்டு அறுவடை முடிந்த சமயத்தில், ஊருக்கு வெளியே ஒரு பண்ணையின் களஞ்சியம் தீப்பிடித்தது. பகல் வேளை. படை பம்போடு போய்ச் சேர்ந்தது. ஏணியைச் சாய்த்தார்கள். தெசிரே வழக்கம்போல் ஓடிவந்து முதல் படியைப் பிடித்தான். ஏறவில்லை.

“உள்ள யாரு இருக்காங்க கேப்டன்?”

எந்தத் தீயிலும் கேட்க வேண்டிய கேள்விதான். ரெமிகூட முதலில் இதைத்தான் கேட்பானாம். ஆனால் தெசிரே இதுவரை கேட்டதில்லை. ஏறு என்றால் ஏறுவான்.

“யாரும் இல்ல. மேல பரண்ல தீ, அதை மட்டும் பாரு.”

தெசிரே திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான்.

“யாருமே இல்லையா? இல்ல, எனக்குத் தெரிய வேண்டியவங்க யாரும் இல்லையா?”

11

அவனுக்குத் தெரிந்துவிட்டதா? என்னைக் கேட்காதீர்கள். பால் ரயிலை ஒரு நாள் யோசித்திருக்கலாம். ஃபிர்மென் குடித்துவிட்டு உளறியிருக்கலாம். யூலாலி சொல்லியிருக்க மாட்டாள். அல்லது ஒன்றும் தெரியாமலே, வீடு எரிந்த ஒருவன் இனி எந்தத் தீயிலும் கேட்கப்போகிற கேள்வியாக இருக்கலாம்.

ஒரு முடிவு எழுதினேன். கேப்டன் ஏணியை அவன் கையிலிருந்து வாங்கித் தானே ஏறுகிறார், பரண் இடிந்து விழுகிறது. ரெமிக்கு இது பிடித்திருந்தது. “இதையே வைங்க அண்ணி, காலண்டர் விக்கும்” என்றான். எனக்கு அசிங்கமாக இருந்தது. அவரை எரித்துக் கணக்கைத் தீர்க்க நான் யார்? ஒரு பெண்ணின் இடுப்பை உடைத்ததே போதும்.

இன்னொன்றில் அவர் எல்லாவற்றையும் அங்கேயே, பண்ணையின் முற்றத்தில், எல்லார் எதிரிலும் சொல்லிவிடுகிறார். எழுதும்போது அழுதேன். மறுநாள் படித்தால், பாரம் இறங்கியது அவருக்கும் எனக்கும் மட்டும்தான். யூலாலி முக்கியமாகக் கேட்டுக்கொண்டது, சொல்லக்கூடாது என்பது. அதையும் மீறியிருந்தோம். கிழித்துப்போட்டேன்.

இதுவரை அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் நான் கொடுத்தது. “இப்பதான்” உட்பட. இனி என்னால் முடியாது. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அவருடைய வெட்கத்தை என் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டதுபோல் இருக்கிறது. உங்களுக்கு மனம் வந்தால் நீங்கள் கொடுங்கள். உண்மையோ பொய்யோ, அவர் வாயில் பொருந்துகிறதா என்று பார்த்துக் கொடுங்கள்.

ரொம்ப யோசிக்க நேரமில்லை. களஞ்சியத்தின் கற்பலகைகள் சூட்டில் ஒவ்வொன்றாக வெடிக்கின்றன. அவை அவரே அடித்தவை. பம்பின் கைகளைப் பிடித்தவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்க்கிறார்கள். கேப்டன் வாயைத் திறக்கிறார். தெசிரே இன்னும் ஏணியில் கால் வைக்கவில்லை.